கண் காணாத இடம்

“இடிச்ச வீட்டை எங்க கொட்டினேன்னு கார்ப்பரேஷனுக்குக் காட்டணுமாம். காட்டினா மட்டும் விடுவாங்களா? பிரிச்சு, அரைச்சு, அதுல ஒரு பங்கைப் புதுக் கட்டடத்துலயே போடணுமாம். இது என்னம்மா சட்டம்?”

கேட்டவர் சபாநடேசன். சென்னையில் அடுக்குமாடி கட்டி விற்பவர். பாகீரதி அம்மாவின் சீடர். அம்மாவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்தைந்து. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அம்மாவின் மடம் நகரத்தின் கடைசியில், ஒரு ஏரிக்கரையில் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை, ஓர் அடிபம்பு, அவ்வளவுதான்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சட்டம் எல்லாருக்கும்தானே?”

“எல்லாருக்கும்தான். வேற கட்டடமா இருந்தா நானும் பேசாமப் போட்டிருப்பேன். இது என் வீடும்மா.”

அம்மா நிமிர்ந்தார்.

“திலகவதி போனப்புறம் அங்க இருக்க முடியலை. பிள்ளைகுட்டி கிடையாது. ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்டாக்கூட அவதான் எழுந்துட்டாளோன்னு பார்ப்பேன். அடுப்படித் தரையில ஒரு பூனைத் தடம் இருக்கும். சிவப்பு சிமெண்ட் காயறதுக்குள்ள ஒரு பூனை நடந்து போயிடுச்சு. கொத்தனார் தேய்க்கப் போனார், அவ விடலை. நம்ம வீட்டுக்கு முதல்ல வந்த விருந்தாளி, இருந்துட்டுப் போகட்டும்னா. அவ போனப்புறம் காபி போடறப்பல்லாம் அதுதான் கண்ணுல படும். ஒரு நாள் தாங்க முடியாம ஆளுங்களைக் கூப்பிட்டு இடிச்சிடுங்கன்னுட்டேன்.”

“புதுசுல நீங்க இருக்கப் போறீங்களா?”

“மாட்டேன். எல்லாத்தையும் வித்துட்டு எங்கயாவது போயிடுவேன்.”

“இடிச்சது எங்க போச்சு?”

“கண் காணாத இடத்துல கொட்டிடுப்பான்னு லாரிக்காரன்கிட்ட சொன்னேன். நாங்க எப்பவும் அப்படித்தான் சொல்றது.”

உண்மைதான். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கே என்று கேட்கிற வழக்கமே கிடையாது. கேட்டால் லாரிக்காரனே சிரிப்பான்.

“அப்படி ஒரு இடம் இருக்கா?” என்றார் அம்மா. “எனக்கும் தள்ளிவிட வேண்டியது கொஞ்சம் இருக்கு.”

சபாநடேசனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“வேலையை நிறுத்திட்டாங்கம்மா. ஒரு வழி சொல்லுங்க. அந்த வீடு இனிமே என் கண்ணுல படக் கூடாது.”

அம்மா எழுந்து போய் ஓர் இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“வாசல்ல பள்ளம் விழுந்திருக்கு. மழை பெஞ்சா தண்ணி உள்ள வந்துடுது. பின்னாடி கரையில உடைஞ்ச செங்கல் கிடக்கு. கொண்டுவந்து நிரப்புங்க.”

வழி கேட்டவருக்குச் சட்டி கிடைத்தது. முணுமுணுத்துக்கொண்டே போனார்.

எத்தனையோ வருடமாக வருகிறார், மடத்துக்குப் பின்னால் போனதில்லை. அங்கே பாதி ஏரியைக் காணோம். தண்ணீர் இருந்த இடத்தில் இடிந்த வீடுகள் குவிந்து கிடந்தன.

ஒரு சட்டி வாரிக்கொண்டு வந்தார். அம்மா எட்டிப் பார்த்தார்.

“செங்கல்னுதானே சொன்னேன். இதுல ஒயர் இருக்கு, கண்ணாடி இருக்கு, மரச்சட்டம் இருக்கு. பிரிச்சுக் கொண்டுவாங்க.”

“இந்த வயசுலயா?”

“சட்டத்துல வயசு போட்டிருக்கா?”

திரும்பிப் போனார். குவியலில் குந்தி உட்கார்ந்து பிரித்தார். யார் வீட்டுக் குளியலறை டைலோ. யார் வீட்டு நிலைப்படியோ, மஞ்சள்கூட இன்னும் போகவில்லை. சாமி மாடம் ஒன்று, எண்ணெய்க் கறையோடு. எத்தனை வீடு. தேடி வந்த ஆள் ஒருவரும் இல்லை.

அப்போது சிவப்பாக ஒன்று தெரிந்தது.

இரண்டு கை அகலத்துக்கு ஒரு தரைத்துண்டு. வேட்டி நுனியால் துடைத்தார். நான்கு விரலோடு ஒரு பூனைத் தடம்.

சபாநடேசன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திலகவதி இறந்த அன்று வருகிறவர்களைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. அதற்கப்புறம் அழலாம் என்றால் தேற்ற ஆள் இல்லை. இப்போது அழுதார். தண்ணீரோரம் ஒரு நாரை நின்றது. சற்று நேரத்தில் அதுவும் போய்விட்டது.

சாயங்காலம் திரும்பி வந்தார். சட்டி காலியாக இருந்தது. தரைத்துண்டை மார்போடு அணைத்திருந்தார்.

“பள்ளத்துல போடுங்க,” என்றார் அம்மா.

அவர் போடவில்லை.

“இங்கதான் கிடக்குன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? லாரி வந்துட்டேதான் இருக்கு. யார் வீடுன்னு யாரும் சொல்றதில்லை.”

“கண் காணாத இடம்னுதான் சொன்னேன்.”

“நான் இங்கதானே குடியிருக்கேன்,” என்றார் அம்மா.

சபாநடேசன் சட்டியைக் கீழே வைத்தார். பிறகு பள்ளத்தின் ஓரமாக உட்கார்ந்து மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

“காலையில லாரியோட மடத்து ஏரிக்கரைக்கு வா. ஆளுங்களையும் கூட்டிட்டு வா. அள்ளணும்.”

“நம்ம வீட்டோடது மட்டுமாங்க?”

“இதுல நம்ம வீட்டை எப்படிப் பிரிப்பே? எல்லாத்தையும் அள்ளு. அரைக்கிற இடத்துக்குக் கொண்டு போ.”

“அப்புறம்?”

“வீட்டுக்குக் கொண்டு வா.”

மேஸ்திரி தயங்கினார்.

“அங்க வெறும் மனைதாங்க இருக்கு.”

மடியில் இருந்த தடத்தின்மேல் சபாநடேசன் கையை வைத்துக்கொண்டார்.

“அடுப்படி இருந்த இடத்துல மட்டும் சுண்ணாம்பு போட்டுக் குறிச்சு வை. நான் வர்றேன்.”