ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மகள்

குருவைவிடச் சீடர் பதினொரு வயது மூத்தவர். முத்துக்குமார அடிகளின் மடத்தில் அது யாருக்கும் வித்தியாசமாகப் பட்டதில்லை. சீடர் மாசிலாமணிக்கு ஐம்பத்து மூன்றில் கல்யாணம், ஐம்பத்து நான்கில் மகள். ஒன்றரை மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை அவர் மடத்துக்கு வந்தார். முகத்தில் மூன்று நாள் தாடி.

"சுவாமி, அப்பாவுக்கு வயசு ஏறிப்போனா குழந்தை இப்படிப் பிறக்குமான்னு டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன். அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டார். நீங்க சொல்லுங்க. என்னாலயா?"

"இருக்கலாம்" என்றார் அடிகள்.

இல்லை என்ற ஒரு சொல்லுக்காகத்தான் மாசிலாமணி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"குழந்தை என்ன எடை?"

"தெரியாது சுவாமி."

"யார் ஜாடை?"

"இன்னும் பார்க்கலை. எந்த முகத்தோட போய்ப் பார்ப்பேன்?"

அடிகள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி மாசிலாமணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அப்பாவா? மூணு நாளா தேடுறோம். அம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியலை. குழந்தைக்கு உடம்புச் சூடு வேணும். கையைக் கழுவிட்டு வந்து சட்டையைக் கழட்டுங்க."

அவர் கைகழுவி வந்தார். சட்டைப் பொத்தானில் விரல் நின்றுவிட்டது. வாசலில் நின்ற அடிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த உடம்பா, சுவாமி?"

"இருக்கிறது அதுதானே."

சாய்வு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, நரைத்த மார்பின்மேல் குழந்தையைக் கவிழ்த்துப் படுக்கவைத்தாள் நர்ஸ். மேலே ஒரு துணியைச் சுற்றினாள். ஆயிரத்து நானூறு கிராம். ஒரு உள்ளங்கைக்குள் முதுகு முழுவதும் அடங்கியது.

குழந்தை சிணுங்கினாள். உதைத்தாள். பிறகு அவர் மூச்சு ஏற ஏறினாள், இறங்க இறங்கினாள். சிறிது நேரத்தில் மூடியிருந்த கை விரிந்தது.

மாசிலாமணியின் கண்ணீர் காதுவரை வழிந்தது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

"சுவாமி, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும்..."

"மெதுவாப் பேசுங்க" என்றார் அடிகள். "தூங்குறா."