சிங்கம் காய்ச்சிய இஞ்சி மிட்டாய்

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் இடிமுழக்கன் என்ற சிங்கம் ராஜாவாக இருந்தது. குழந்தைகளே, அதற்குப் பிடரி பெரிது. குரலும் பெரிது. இவை இரண்டையும் விட மண்டைக்கனம் பெரிது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் ஆறு வற்றி, தண்ணீர் முழங்காலளவு ஓடும்போது, சித்திரைப் பௌர்ணமி அன்று மாலை அக்கரைச் செந்நாய்கள் கூட்டமாக வந்து நிற்கும். இக்கரையில் ராஜா நின்று ஒரே ஒரு கர்ஜனை செய்ய வேண்டும். அது காதில் விழுந்தால் செந்நாய்கள் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போய்விடும். விழாவிட்டால் ராஜாவுக்குத் தெம்பு போய்விட்டது என்று பொருள். காடும், புல்வெளியும், கோடையிலும் வற்றாத சுனையும் செந்நாய்களுக்கு. ராஜா வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

ஆண்டு முழுவதும் இந்த ஒரு வேலைதான் ராஜாவுக்கு. மற்ற நாளெல்லாம் தின்பதும் தூங்குவதும்தான். அந்த ஒரு வேலைக்குத் தேவையான தொண்டையையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளக் கூடாதா?

இடிமுழக்கன் வைத்துக்கொள்ளவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தால் கத்தியது. முதுகில் சருகு விழுந்தால் கத்தியது. தூரத்தில் முயல் தும்மினால்கூட, "யாரடா அது, என்னைக் கேட்காமல் தும்முவது?" என்று கத்தியது. பௌர்ணமி அன்று காலையில் எழுந்து கொட்டாவி விட்டபோது, குரல் ஓட்டைத் துருத்தி போலப் புஸ்ஸென்று வந்தது.

சிங்கம் பதறிப்போனது. உடனே சமையல்காரக் கரடி தேனப்பனைக் கூப்பிட்டது.

"தேனப்பா, தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் சரியாக வேண்டும். சீக்கிரம் இஞ்சி மிட்டாய் செய்!"

"செய்கிறேன், மகாராஜா. ஆனால் பாகு பதம் வரும்வரை அடுப்பைவிட்டு இறக்க மாட்டேன். நடுவில் வந்து 'ஆயிற்றா, ஆயிற்றா' என்று கேட்கக் கூடாது," என்றது கரடி. அது ஒரு பிடிவாதக்காரக் கரடி.

"நான் கேட்கக் கூடாதா? ராஜா நானா, நீயா?"

"காட்டுக்கு நீங்கள். அடுப்புக்கு நான்."

இடிமுழக்கனுக்குக் கோபம் தலைக்கேறியது. "வெல்லத்தைக் கொதிக்கவைப்பது ஒரு வித்தையா? அதற்கு இவ்வளவு திமிரா? போ வெளியே! என் குகையில் என் கையாலேயே செய்துகொள்கிறேன்!" என்று இருந்த கொஞ்சநஞ்சக் குரலையும் கத்தியே தீர்த்தது.

"நல்லது, நீங்களே கிண்டுங்கள்," என்று சொல்லிவிட்டு, கரடி தன் கரண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டது.

ராஜா அடுப்பு மூட்டப் போகிறது என்றதும் சபையே குகைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சபை என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? தாவன் என்ற குரங்கு, தோகையன் என்ற மயில், இளிச்சான் என்ற கழுதைப்புலி. குரங்குக்கு ஜால்ரா போடத் தெரியும். மயிலுக்கு அழகு காட்டத் தெரியும். கழுதைப்புலிக்கு ராஜா சிரித்தால் சிரிக்கத் தெரியும். இவற்றைத் தவிர அந்த மூன்றுக்கும் ஒரு மண்ணும் தெரியாது. மூலையில் முள்ளி என்ற முள்ளம்பன்றியும் இருந்தது. அதற்கு மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

இடிமுழக்கன் பானையில் வெல்லத்தைத் தட்டிப் போட்டது. தண்ணீர் ஊற்றியது. அடியில் விறகை அள்ளித் திணித்தது. பாகு நுரைத்துப் பொங்கியது.

"ஆகா! மகாராஜா ஊற்றினால் தண்ணீரே தனி அழகு!" என்றது குரங்கு.

இஞ்சியை நசுக்கிச் சாறு பிழிந்து வைத்தது சிங்கம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மகாராஜா மிட்டாயில் வெறும் இஞ்சிதானா?" என்று குரங்கு வாயைப் பிளந்தது. "இஞ்சி மிட்டாயைக் கண்டவனும் தின்பான். உங்கள் தகுதிக்குப் பலாப்பழம் வேண்டாமா?"

தகுதி என்ற சொல்லைக் கேட்டால் இடிமுழக்கனுக்குத் தலைகால் புரியாது. பலாச்சுளைகளைப் பிசைந்து பானையில் போட்டது.

"நிறம் எடுப்பாக இல்லையே," என்று மயில் கழுத்தை நீட்டியது. "நாவற்பழம் போட்டால் என் கழுத்து நிறம் வரும்!"

நாவற்பழமும் விழுந்தது. கழுதைப்புலி சிரித்தது. எதற்கு என்று அதற்கே தெரியாது.

பழத்தில் இருந்த தண்ணீரெல்லாம் பாகில் இறங்கியது. கெட்டிப்படத் தொடங்கியிருந்த பாகு மறுபடியும் நீர்த்துப் போனது. இனி அது பதத்துக்கு வர வேண்டுமென்றால் பொறுமையாக நெடுநேரம் காய்ச்ச வேண்டும். பொறுமையா? இடிமுழக்கனுக்கா?

"பதம் பார்க்க வேண்டும்," என்றது சிங்கம். கரடி அதை எப்படிச் செய்யும் என்பது மட்டும் அதற்கு நினைவிருந்தது. ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட வேண்டும். அது கல்லாக இறுகும். அதை எடுத்துப் பாறையில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் மிட்டாய் வாயில் உடையும். கேட்காவிட்டால் பல்லைப் பிடித்துக்கொள்ளும்.

சிங்கம் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டது. எடுத்துப் பாறையில் போட்டது.

'சொத்.'

இடிமுழக்கனுக்கே அந்தச் 'சொத்' நன்றாகக் கேட்டது. அது சபையைப் பார்த்தது.

"டங்!" என்று கத்தியது குரங்கு. "என்ன சத்தம்! கோயில் மணி தோற்றது!"

"எனக்குத் தோகையே சிலிர்த்துவிட்டது," என்றது மயில்.

கழுதைப்புலி, "டங், டங்!" என்று விழுந்து விழுந்து சிரித்தது.

இடிமுழக்கன் யோசித்தது. 'நமக்குச் சொத் என்றுதானே கேட்டது? ஆனால் இத்தனை பேருக்கு டங் என்று கேட்டிருக்கிறதே. ஒருவேளை நம் காது கர்ஜனைக்கென்றே பழகியதால் சின்னச் சத்தமெல்லாம் அதில் ஏறாதோ என்னவோ.' இப்படி ஒரு சமாதானத்தைத் தானே கண்டுபிடித்துத் தானே மெச்சிக்கொண்டது. அதற்கு உள்ளூர மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

"எனக்கு டங் கேட்கவில்லை," என்றது மூலையில் இருந்த முள்ளி.

எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"சொத் என்றுதான் கேட்டது. பாகு இன்னும் ஆகவில்லை, மகாராஜா. பொழுது நிறைய இருக்கிறது. இன்னும் காய்ச்சுங்கள்."

"சபையில் எல்லோருக்கும் கேட்டது உனக்கு மட்டும் கேட்கவில்லையா?" என்று குரங்கு சீறியது. "மகாராஜா கையால் செய்ததைக் குறை சொல்கிறாயா?"

"கையைச் சொல்லவில்லை. பாகைத்தான் சொன்னேன். சந்தேகம் இருந்தால் நீங்களே ஒரு துண்டு கடித்துப் பாருங்களேன்."

குரங்கு அவசரமாக வாயை மூடிக்கொண்டது. அன்று முழுவதும் அது செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

சிங்கத்துக்கு முள்ளியின் மேல் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. உண்மை என்று உள்ளே ஒரு மூலையில் தெரிந்திருந்ததால் எரிச்சல் இரட்டிப்பாக வந்தது. எட்டி உதைக்கலாம் என்றால் உடம்பெல்லாம் முள். ஆகவே, "போ வெளியே!" என்று கரகரத்தது. முள்ளி தோளைக் குலுக்கிக்கொண்டு வெளியேறியது.

இடிமுழக்கன் பானையை இறக்கி, இஞ்சிச் சாற்றைக் கலந்து, நெய் தடவிய வாழையிலையில் பாகைக் கொட்டியது. ஆறியதும் அது கல்லாகவில்லை. தொட்டால் நகத்தோடு நீண்டு வந்தது.

"ஆகா, எவ்வளவு மென்மை!" என்றது மயில்.

"ராஜாக்களின் மிட்டாய் இப்படித்தான் இருக்கும்," என்றது குரங்கு. 'டங்' என்று கேட்டதாகச் சொன்ன அதே வாய்தான்!

பொழுது சாய்ந்தது. ஆற்றின் அக்கரையில் செந்நாய்கள் வந்து வரிசையாக நின்றன. அவற்றின் தலைவி செவ்வந்தி ஒல்லியானது. அதிகம் பேசாதது. வழக்கத்தை ஒரு மயிரிழையும் மீறாதது.

இக்கரையில் இடிமுழக்கன் நெஞ்சை நிமிர்த்தி வந்து நின்றது. பின்னால் சபை நின்றது. கர்ஜனைக்கு முன்னால் தொண்டை நன்றாக நனையட்டும் என்று, சிங்கம் மிட்டாயை ஒரு துண்டு எடுத்தது. 'ஒரு துண்டு சாதாரண மிருகத்துக்கு. நமக்கு எப்படிப் போதும்?' என்று நினைத்து அத்தனையையும் அள்ளி வாயில் போட்டு, ஒரே கடியாகக் கடித்தது.

மேல்பல் கீழ்ப்பல்லோடு ஒட்டிக்கொண்டது.

சிங்கம் வாயைத் திறக்கப் பார்த்தது. திறக்கவில்லை. தாடையை இப்படி அசைத்தது, அப்படி அசைத்தது. முன்னங்காலால் மீசையைப் பிடித்து இழுத்தது. மிட்டாய் இன்னும் உள்ளே போய் அப்பிக்கொண்டது. அதற்கு வியர்த்துக் கொட்டியது.

"கர்ஜனை செய்யுங்கள், ராஜா," என்றது செவ்வந்தி. "கேட்டுவிட்டுப் போகிறோம்."

"ம்ம்ம்," என்றது இடிமுழக்கன்.

செந்நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"ம்ம்ம்! ம்ம்ம்ம்!"

சபைக்கு அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்திருந்தால் மிட்டாய் கரைந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள் என்று செந்நாய்களிடம் சொல்லியிருந்தால் செவ்வந்தி பொறுத்திருக்கும். ஆனால் காக்காய் பிடித்தே பழகிய கூட்டத்துக்கு வேறு எந்த வேலை வரும்?

"கேட்டீர்களா!" என்று குரங்கு குதித்தது. "மலையே அதிர்ந்தது!"

"ஆற்றுத் தண்ணீரே பின்னால் ஓடியது!" என்றது மயில்.

கழுதைப்புலி சிரித்தது.

இடிமுழக்கன் அந்த மூன்றையும் திரும்பிப் பார்த்தது. 'அட பாவிகளா!' என்று அதற்கு நெஞ்சு கொதித்தது. 'காலையிலும் இப்படித்தானே கத்தினீர்கள்?' இப்போதுதான் அதற்கு எல்லாம் விளங்கியது. விளங்கி என்ன பயன்? திட்டுவதற்குக்கூட வாய் வேண்டுமே.

"எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை," என்றது செவ்வந்தி.

"நீங்கள் செவிடர்கள்!" என்றது குரங்கு.

"இல்லை. நாங்கள் உங்கள் ராஜா வீட்டில் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுச் செவ்வந்தி தண்ணீரில் காலை வைத்தது. அதன் பின்னால் செந்நாய்கள் எல்லாம் இறங்கின.

குரங்கு மரத்தின் உச்சிக்குப் போன வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மயில் தோகையைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது. கழுதைப்புலி மட்டும் ஆற்றில் பாதி வழி இறங்கிப் போய், செவ்வந்தியின் முன்னால் குனிந்து, "தாயே, உங்கள் நடையே தனி!" என்று பல்லிளித்தது.

"உன் பேச்சைக் கேட்டு ஒரு ராஜா கெட்டது போதும். ஓடு!" என்றது செவ்வந்தி. அது விட்ட கடியில் கழுதைப்புலி முதன்முறையாகச் சிரிக்காமல் ஓடியது.

இடிமுழக்கன் தனியாக நின்றது. ஒன்றை எதிர்த்து முப்பது வந்தன. கடிக்கலாம் என்றால் வாய் திறக்கவில்லை. சிங்கம் திரும்பி ஓடியது, குழந்தைகளே. பிடரி ஆட, வாய் ஒட்ட, கண்ணில் தண்ணீர் வழிய ஓடியது. காடு முழுவதும் அதைப் பார்த்தது. மொட்டைப் பாறைக்குன்று ஒன்றில் போய் விழுந்தபோதுதான் நின்றது. அங்கே புல் இல்லை, நிழல் இல்லை, ஒரு வாய்த் தண்ணீர் இல்லை.

மறுநாள் உச்சி வெயிலில் மிட்டாய் இளகிக் கரைந்தது. இடிமுழக்கன் தாடையை அசைத்துப் பார்த்தது. வாய் திறந்தது. தொண்டையைச் செருமிப் பார்த்தது. வலியே இல்லை. இஞ்சி பாவம், தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

சிங்கம் பாறையின் மேல் ஏறி நின்றது. மூச்சை உள்ளே இழுத்து, இருந்த அவமானம் அத்தனையையும் சேர்த்து ஒரு கர்ஜனை செய்தது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு கர்ஜனையை அது செய்ததில்லை. குன்றுகள் அதிர்ந்தன. பறவைகள் கூட்டமாக எழும்பின.

கீழே காட்டில், சுனையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த செந்நாய்கள் தலையை நிமிர்த்தின.

"நல்ல குரல்தான்," என்றது செவ்வந்தி. "நேற்று வந்திருக்கலாம்."

பிறகு எல்லாம் குனிந்து தண்ணீர் குடித்தன.

நீதி: ஆமாம் போடுகிறவர்களின் பேச்சை நம்பித் தன் காதையே நம்பாதவன், வாய் திறக்க வேண்டிய நேரத்தில் ஊமையாக நிற்பான்.