இடது பக்கக் கதவு

“மாடு குறுக்கே வந்துட்டுன்னு சொல்லிருவமா, அம்மா?”

“எந்த மாடு?”

“சும்மா, ஒரு மாடு.”

“அப்படி ஒரு மாட்டை நான் பாக்கலையே, நயினார்.”

“உண்மையைச் சொன்னா பட்டறைக்காரங்களுக்குப் புரியாதும்மா.”

சொல்லிவிட்டு நயினார் லேசாகச் சிரித்தார். நமக்குள் இருக்கட்டும் என்கிற மாதிரியான சிரிப்பு.

அம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பட்டறைக்குள் நடந்தார்.

உலகம்மை அம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் ஆசிரமம். அவருடைய முதல் சீடர் ஆறுமுகநயினாருக்கோ அறுபது தாண்டிவிட்டது. வேலை, வீடு, மகள், பேரன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தவர்.

அம்மா எல்லோரையும் ‘நீ’ என்பார். கலெக்டர் வந்தாலும் நீதான், கறிகாய்க்காரி வந்தாலும் நீதான்.

நயினார் நேர் எதிர். ஆசிரமத்து நாயைக்கூட ‘வாங்க, சாப்பிடுங்க’ என்பார். மனைவி உயிரோடு இருந்தவரைக்கும் அவளை ‘இங்க பாருங்க’ என்றுதான் கூப்பிட்டார். அந்தச் சீமையில் பெண்களை ‘ஏட்டி’ என்று உரிமையோடு கூப்பிடாத வாய் கிடையாது. நயினாருடைய வாய் மட்டும் அதற்கு விதிவிலக்கு.

அம்மா இத்தனை வருஷமாகச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். முழிச்சிரு.

அதைக் கேட்க வருகிறவர்களிடம் நயினார் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்வார். “எங்க அம்மா தூங்கவே மாட்டாங்க. தூங்கி ஒருத்தர்கூடப் பாத்ததில்லை.”

அந்த அம்மா ஓட்டின கார்தான் போன வாரம், நல்ல பட்டப்பகலில், ரோட்டோரப் புளியமரத்தில் போய் முட்டியது. பக்கத்தில் இருந்தவர் நயினார். ஆண்டவன் புண்ணியத்தில் இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று.

கார் பட்டறையின் நடுவில் நின்றது. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே ஆகாத மாதிரி இருந்தது. இடது பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. முன்விளக்கு போய், மூலை நசுங்கி, கதவு பாதி உள்ளே வாங்கியிருந்தது.

பட்டறைக்காரர் மைதீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“எப்படி ஆச்சு அண்ணாச்சி? இன்சூரன்ஸ் ஆளு வந்தா கேப்பாரு.”

“அது வந்து, ஒரு மாடு…” என்று நயினார் ஆரம்பித்தார்.

“தூங்கிட்டேன்,” என்றார் அம்மா.

நயினாருக்கு யாரோ பிடரியில் அடித்த மாதிரி இருந்தது.

மைதீனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. “மத்தியானம் சாப்பிட்டுட்டு எடுத்தியளோ?” என்றார்.

“ஆமா. மூணு நாளா குருபூசை. அடுப்படியிலேயே கிடந்தேன். அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.”

“அப்போ கண்ணு சொருகத்தான் செய்யும்,” என்று மைதீன் குனிந்து பம்பரைப் பார்க்கப் போய்விட்டார்.

நயினார் அம்மாவை நெருங்கி வந்தார்.

“அம்மா. நீங்க தூங்கலாமா?”

“கூடாதுதான். ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கவே கூடாது. தப்புதான்.”

“அதைக் கேக்கலைம்மா. நீங்க… தூங்குவீங்களா?”

“ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே என்ன செய்யுதேன்னு நெனச்ச?”

நயினார் என்ன நினைத்தாரோ அதை அந்த நேரத்தில், அந்தத் தகரக் கொட்டகையில், வாய்விட்டுச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

மைதீன் இடது பக்கம் வந்து கதவைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை.

“இந்தப் பக்கம் யாரு இருந்தது?”

“நான்தான்.”

“நீங்களும் தூங்கிட்டியளோ?”

“இல்லை. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அம்மாவுக்குக் கண்ணு சொருகினதைப் பாக்கலையா?”

“பாத்தேன்.”

“மரத்தை?”

“அதையும் பாத்தேன்.”

மைதீன் நிமிர்ந்தார். “பொறவு என்ன செஞ்சிய?”

“கும்பிட்டேன்.”



“கும்பிட்டியளா?”

“அம்மா சமாதியில் இருக்காங்கன்னு நெனச்சேன். கலைக்கக் கூடாதுன்னு…” நயினாருடைய குரல் தேய்ந்தது. “நமக்கும் இப்படி ஒரு பாக்கியமான்னு நெனச்சேன்.”

மைதீன் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

எதற்கும் கலங்காதவர் என்று பெயரெடுத்த அந்த அம்மா, இரண்டு எட்டு வைத்து, நசுங்கின கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். பள்ளத்தின் ஆழத்தை விரலால் அளந்தார்.

“இன்னும் ஒரு சாண் உள்ளே வந்திருந்தா நீ செத்திருப்ப, நயினார்.”

“உங்க பக்கத்துல இருந்து போறதுன்னா அது…”

“வாயை மூடு.”

அவரிடம் அம்மா அப்படிப் பேசியதே கிடையாது.

“இத்தனை வருஷமா உனக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்?”

“முழிச்சிருக்கச் சொன்னீங்க.”

“யாரை?”

நயினார் விழித்தார். அம்மா பதிலுக்கு நிற்கவில்லை. விடுவிடுவென்று வெளியே போய் ரோட்டோரம் வெயிலில் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நயினாருக்குச் சோறு இறங்கவில்லை. தூங்குகிற குருவிடமா தன் ஆயுளைக் கொடுத்தோம் என்று ஒரு நேரம் கோபம் வரும். செத்திருப்பேனே என்று இன்னொரு நேரம் உடம்பு வேர்த்துக் கொட்டும். அந்தக் கதவு கண்ணுக்குள்ளேயே நின்றது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். கார் சரியாகி வரட்டும். அம்மாவைக் கொண்டுபோய் ஆசிரமத்தில் விட்டுவிட்டு, மறு பஸ்ஸில் கோயம்புத்தூரில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டியது. துணிமணியைப் பையில் எடுத்து வைத்துவிட்டார்.

கார் தயாராகிவிட்டது என்று மைதீன் போன் செய்தார்.

போய்ப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. தட்டி, நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்து, மரத்தையே பார்க்காத கார் மாதிரி நின்றது. நயினார் கதவைத் திறந்து மூடினார். நன்றாக மூடியது.

“வெயில்ல நிறுத்தினா மட்டும் புது வெள்ளை தனியாத் தெரியும்,” என்றார் மைதீன்.

“தெரியட்டும்,” என்றார் அம்மா.

சாவியை வாங்கிக்கொண்டு வலது பக்கம் போய் உட்கார்ந்தார். புறப்படுவதற்கு முன்னால் மைதீன் நயினார் பக்கத்து ஜன்னலில் குனிந்து, “அண்ணாச்சி, பாத்துப் போங்க,” என்றார்.

மெதுவாகத்தான் போனார்கள். ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. நயினார் மடியில் பையை வைத்துக்கொண்டிருந்தார்.

“பை எதுக்கு?”

“மகளைப் பாத்துட்டு வரலாம்னு.”

“திரும்பி வருவியா?”

நயினார் வெளியே பார்த்தார். “தெரியலைம்மா.”

“சரி.”

அவ்வளவுதான் பேச்சு. நயினாருக்கு அழுகை வந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? சொல்லவில்லை.

தூரத்தில் அந்தப் புளியமரம் தெரிந்தது. பட்டை உரிந்த இடம் இன்னும் காயாமல் வெளுப்பாக இருந்தது. நயினார் அதைப் பார்க்கக் கூடாது என்று திரும்பினார்.

அம்மாவின் கண்கள் மூடியிருந்தன.

அதே முகம். அதே அமைதி. தலை இம்மிகூடச் சாயவில்லை. வண்டி ரோட்டை விட்டு மெல்ல இடது பக்கம் ஒதுங்கியது. சக்கரத்துக்கடியில் மண் நொறுங்கியது.

சமாதியோ? இல்லை, தூக்கமா? இல்லை, என்னைச் சோதிக்கிறாரோ?

மரம் வந்துகொண்டிருந்தது.

கைகள் பழக்கத்தில் மேலே எழுந்தன. பாதி சேர்ந்தும் விட்டன. பை மடியிலிருந்து சரிந்தது.

“ஏட்டி! கண்ணைத் தொற! தொறட்டீ!”

அது தன் குரல்தான் என்று நயினாருக்குத் தெரியவில்லை. அதுவரை அம்மாவின் நிழலைக்கூட மிதிக்காதவர், இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

பிரேக் கிறீச்சிட்டது.

வண்டி நின்றது. மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். பயந்து பறந்த காக்கைகள் திரும்பி வந்து கிளையில் உட்காரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

நயினார் தன் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் அம்மாவின் தோளிலேயே இருந்தன. நெருப்பைத் தொட்டவர் போல எடுத்துக்கொண்டார்.

“அம்மா… மன்னிச்சிருங்க. என்ன சொன்னேன்னே எனக்குத் தெரியலை. உங்களைப் போய் நான்…”

அம்மா தோளைத் தடவிவிட்டுக்கொண்டார். நன்றாக வலித்திருக்க வேண்டும். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று நயினார் தேடினார். ஒன்றும் பிடிபடவில்லை.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்போ நிஜமாவே தூங்கிட்டீங்களா? இல்லை சமாதியா? இல்லை, எனக்காகச் சும்மா கண்ணை மூடினீங்களா?”

அம்மா வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். ரோட்டில் ஏற்றினார்.

“கத்தினியே, என்கிட்ட இதைக் கேட்டுட்டா கத்தின?”