மாமரத்துக்குச் செய்தது

முன்னொரு காலத்தில் மருதங்குடிச் சீமையை உக்கிரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பெயருக்கேற்ற கோபக்காரன். அரண்மனை முற்றத்தில் அவன் தாயார் வைத்த மாமரம் நின்றது. அதை வெட்டுகிறவன் மரத்துக்கு என்ன செய்தானோ, அதையே அவன் உடம்புக்கும் செய்யவேண்டும் என்பது கட்டளை. அதனால் ஒரு கவாத்தும் காணாமல் மரம் காடாக வளர்ந்துகிடந்தது.

ராஜா வேட்டைக்குப் போயிருந்த சமயம், மந்திரி அம்பலவாணர் அதில் பட்டுப்போன கொம்பு ஒன்றைப் பார்த்தார். நேர் கீழே இளவரசியின் ஊஞ்சல். காற்றடித்தால் குழந்தை தலையில் விழும். வெட்டினால் தன் கை போகும். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஆளை ஏற்றிக் கொம்பை வெட்டச் செய்து, வெட்டுவாயில் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசச் சொன்னார்.

சேனாபதி சூரபத்திரருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. ராஜா திரும்பியதும் உப்பரிகைக்குக் கூட்டிப்போனார்.

"அரசே, என் புது மாளிகையின் கொடி இங்கிருந்தே தெரிகிறது, பார்த்தீர்களா? அப்படியே கீழேயும் பாருங்கள். மந்திரியார் மாமரத்தின் கையை வெட்டிவிட்டார்."

உடனே சபை கூடியது. உப்பரிகையிலிருந்து தன் கொடியைக் காட்டியது முதல் எல்லாவற்றையும் சேனாபதி அங்கே மறுபடி சொன்னார். கொலைச் சேவகன் வாளோடு வந்து நின்றான். அம்பலவாணரை ராஜா முன் நிறுத்தினார்கள்.

"வெட்டச் சொன்னது நீர்தானா?"

"நான்தான், அரசே."

"கையை நீட்டும்."

நீட்டினார். மணிக்கட்டில் வாள் பட்டுச் சில்லிட்டபோதுதான் அவருக்குப் புத்தி வேலை செய்தது.

"மரத்துக்குச் செய்ததையே எனக்கும் செய்யுங்கள். அதற்குமுன் அந்தக் கொம்பைக் கீறிப் பாருங்கள், அரசே."

கொண்டுவந்தார்கள். ராஜா நகத்தால் பட்டையைக் கீறினான். பச்சையே இல்லை, தூள்தான் கொட்டியது.

"உயிரில்லாத கொம்பு. வெட்டியபோது மரத்துக்கு நோகவில்லை. என் உடம்பிலும் வெட்டினால் நோகாததை வெட்டச் சொல்லுங்கள். பத்து விரலிலும் வளர்ந்திருக்கிறது."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாவிதனைக் கூப்பிடுங்கள்" என்றான்.

"இது வெறும் வாய்ச்சாலம், அரசே" என்று குதித்தார் சேனாபதி.

"இருக்கட்டும். சேனாபதியாரின் கொடியை இத்தனை நாள் மறைத்திருந்தது எது?" என்று கேட்டார் மந்திரி.

ராஜா முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து பார்த்தான். மரத்தின் உச்சி மொட்டையாக இருந்தது. பச்சைக் கிளைகளை வெட்டிய இடத்தில் பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

"தலையைக் கொய்திருக்கிறான்" என்று ராஜா மெதுவாகச் சொன்னான். அவன் மெதுவாகப் பேசினால்தான் எல்லோருக்கும் குலை நடுங்கும். சேனாபதி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வாள் அந்தக் கழுத்தை நோக்கிப் போவதை அம்பலவாணர் பார்த்தார். எதிரிதான், ஆனாலும் அந்தச் சில்லிப்பு யாருக்கும் வேண்டாம் என்று தோன்றியது.

"அரசே, மரம் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். சேனாபதியாரின் தலை துளிர்க்காது. மரத்துக்குச் செய்ததைவிட அதிகம் செய்தால் உங்கள் கட்டளையே பொய்த்துப்போகும். துளிர்க்கக்கூடியதாகப் பார்த்து எடுங்கள்."

ராஜா, காதுவரை முறுக்கிவிட்டிருந்த சேனாபதியின் மீசையைப் பார்த்தான்.

நாவிதன் மந்திரியின் நகங்களை வெட்டிவிட்டு நேரே சேனாபதியிடம் போனான். மீசை போனது. "வெட்டுவாயைச் சும்மா விடலாமா?" என்ற ராஜா, சாணமும் செம்மண்ணும் குழைத்துவரச் சொல்லி மேலுதட்டில் அப்பவைத்தான். காயும்வரை துடைக்கவும் கூடாதாம்.

மரத்துக்கு இனி வருஷந்தோறும் கவாத்து உண்டு என்று உத்தரவானது. சபை வயிறு வலிக்கச் சிரித்தது. மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. ராஜா பரிசாகக் கழற்றித் தந்த பொன் கடகத்தை மாட்டிக்கொள்ளுமுன், மணிக்கட்டு இருக்கிறதா என்று ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.