உப்பில்லாத பந்தி

முன்னொரு காலத்தில், ஆடி மாதத்து முதல் வெள்ளியன்று, முப்பத்தொரு முத்துக்குளிப்பவர்களைச் சிறையில் தள்ளினான் நெய்தல்துறையை ஆண்ட கடலரையன். காற்று சுழன்றடிக்கும்போது கடலில் இறங்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். அதுதான் குற்றம்.

அப்போது பக்கத்து மலைநாடான பொழில்நாட்டை விருதராசன் என்ற அரசன் ஆண்டுவந்தான். செய்தி கேட்டதும் அவன் கொதித்துப்போனான். ஏழைகளுக்காகத்தான் கொதிக்கிறான் என்று ஊரார் கண் கலங்கினார்கள். அவன் பிறந்தநாளுக்கு வரவேண்டிய முத்துமாலை வராமல் போனது அமைச்சர் மருதவாணருக்குத் தெரியும். ஆனாலும் எந்த வழியாக வந்தால் என்ன, சிறைப்பட்டவர்களுக்கு இந்தக் கோபம் உதவுமானால் சரி என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

அவை கூடியது. யானைக் கொட்டில்களின் அதிபதி வீரகேசரி எழுந்தார். மருதவாணரின் நாற்காலி மீது அவருக்கு நெடுநாளாக ஒரு கண். நெய்தல்துறையின் செல்வம் உப்பு. இனி அந்த உப்பை நம் நாட்டில் ஒருவரும் வாங்கக் கூடாது என்று சட்டம் செய்வோம், கடலரையன் மண்டியிடுவான் என்றார். அரண்மனைக்கும் அவையோர் வீடுகளுக்கும் மட்டும் விலக்கு என்று கடைசியில் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார்.

மருதவாணர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மலைநாட்டில் வேறு உப்பு கிடையாது. உப்பு விற்காவிட்டால் பட்டினி கிடக்கப்போவது உப்பளத்தில் கால் வெந்து நிற்பவன். உப்பு கிடைக்காவிட்டால் கஞ்சியை வெறுமனே குடிக்கப்போவது இங்கே களை பறிப்பவள். கடலரையனுக்கு எங்கே வலிக்கும்? அவன் ஆண்டுதோறும் வாங்கிய போர்யானைகள் வீரகேசரியின் கொட்டில்களிலிருந்துதான் போயின. எதிர்த்துப் பேசிய மீனவக் குப்பங்களை மிதித்தவை அந்த யானைகள்தாம். அதை அவையில் அறியாதவர் இல்லை. சொன்னவரும் இல்லை.

அவர் உப்பளத்து மக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறார் நம் அமைச்சர்," என்றார் வீரகேசரி. "நெய்தல்துறை உப்பு அவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஒட்டியிருக்கிறது போலும்."

அவை சிரித்தது. அரசனும் சிரித்தான்.

பொழில்நாட்டில் ஒரு வழக்கம். சட்டம் செய்யும்போது வெற்றிலைத் தட்டு சுற்றிவரும். எடுத்து மென்றவர் சம்மதித்தவர். எடுக்காதவர் தலைப்பாகையைத் தட்டில் வைத்துவிட்டு வெளியேற வேண்டும். தட்டை நோக்கி முதலில் பாய்ந்தது வீரகேசரியின் கை. மருதவாணர் யோசித்தார். தலைப்பாகையை வைத்துவிட்டுப் போனால் தன் மனம் சுத்தமாகும், சிறைக்கதவு திறக்காது. அவரும் வெற்றிலையை எடுத்து மென்றார். பிறகு அரசனை வணங்கி, சட்டப் பந்தியை இன்று என் பொறுப்பில் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். புதுச் சட்டத்தை முரசறைவதற்கு முன் அரசனும் அவையோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது முன்னோர் வகுத்த முறை. எதற்காக வகுத்தார்கள் என்பது மறந்துபோய், பாயசம் மட்டும் நினைவில் நின்றிருந்தது.

இலை போட்டார்கள். சாம்பார், அவியல், வறுவல், ஊறுகாய் என்று எல்லாம் வந்தன. முதல் கவளத்தை வாயில் வைத்த அரசன் முகம் சுளித்தான்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. இது என்ன, அமைச்சரே?"

"சட்டம், அரசே."

வீரகேசரி குறுக்கிட்டு, அரண்மனைக்குத்தான் விலக்கு உண்டே என்றார். சட்டம் வெற்றிலையோடு பிறந்துவிட்டது, விலக்கு முரசோடுதான் பிறக்கும், பந்தி முரசுக்கு முந்தியது என்றார் மருதவாணர். முறை அறிந்த புரோகிதர் இலையைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

அரசன் நாலு கவளம் விழுங்கிப் பார்த்தான். ஐந்தாவது இறங்கவில்லை. கடலரையனும் இன்று இப்படித்தான் சாப்பிடுகிறானா என்று கேட்டான்.

"அவன் வாசலில் கடல் இருக்கிறது, அரசே. நாம் வாங்காத உப்பு அங்கே மலையாய்க் குவியும். அவன் கறியில் ஒரு கல் குறையாது. சட்டத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்ற விடுங்கள். உப்பை எடுத்துவிட்டு யானை என்று வைப்போம். சிறை திறக்கும்வரை ஒரு யானையும் மலை இறங்க வேண்டாம்."

அரசனுக்கு வாயில் உப்பு வேண்டியிருந்தது; உடனே சரி என்றான். தட்டு மறுபடி சுற்றியது. ஒவ்வொருவராக எடுத்தார்கள். காலையில் முதலில் பாய்ந்த கை இப்போது மடியை விட்டு எழவில்லை.

"அரசே," என்றார் வீரகேசரி, "யானை வணிகத்தை நம்பி எத்தனை ஏழைப் பாகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகுட்டிகள் என்ன ஆவார்கள்? ஆத்திரத்தில் சட்டம் செய்யலாகாது."

மருதவாணர் அவர் பக்கம் திரும்பினார்.

"பாகர்களுக்கு அரசுக் களஞ்சியம் நெல் அளக்கும், ஐயா. காலையில் உப்பு வண்டிக்காரன் பிள்ளைகளை யாராவது நினைத்தோமா? நானும்தான் மென்றேன். உங்கள் இரக்கம் உங்கள் கொட்டில் வாசலில் வந்துதான் விழித்துக்கொள்கிறது."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அரசன் வீரகேசரியின் மடியில் கிடந்த கையைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்குக் கணக்குப் புரிந்தது. எழுந்து, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான்.

"வெற்றிலையா, தலைப்பாகையா?"

வீரகேசரி வெற்றிலையை எடுத்தார். மெல்ல வெகுநேரம் ஆயிற்று. அந்த முப்பத்தொருவரும் வெளியே வரும்வரை அவர் வீட்டு அடுப்பில் உப்பு விழக்கூடாது என்று அரசன் ஆணையிட்டான். மருதவாணருக்கு முத்துப் பதித்த கணையாழி தருவதாகச் சொன்னான். அவர் முத்து வேண்டாம் என்றார். இனி எந்தச் சட்டத்திலும் அவையோருக்கு விலக்கு எழுதக் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

உப்பு வண்டிகள் வழக்கம்போல மலை ஏறின. யானைகள் இறங்கவில்லை. ஐப்பசியில் கடலரையன் தூது அனுப்பினான்; மார்கழியில் இன்னொரு தூது.

மாசி மகத்தன்று நெய்தல்துறைச் சிறை திறந்தது. வெளியே வந்தவர்கள் இருபத்தெட்டுப் பேர்.