மெய்க்கீர்த்தியை முழுசாகப் படித்தவர்

கோரைத்துறையை ஆண்ட இளஞ்சிங்க மன்னன் வாழ்நாளில் ஒரே ஒரு போருக்குத்தான் புறப்பட்டான். வழியில் மழை பிடித்துக்கொண்டது, அந்தப் போரும் பாதியில் நின்றுபோனது. ஆனால் அவன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியைக் கேட்டால் நமக்குக் கை கால் உதறும். எட்டுத் திசை அரசர்களையும் ஓட ஓட விரட்டி, கடல் கடந்த தீவு மன்னர்களின் மணிமுடிகளைக் காலால் மிதித்து, மிதித்த களைப்பில் சிங்காசனத்தில் அமர்ந்தவன் என்று அது நாற்பது வரி போகும்.

அரண்மனையிலிருந்து எந்த ஓலை போனாலும் முதலில் மெய்க்கீர்த்தி, பிறகுதான் விஷயம். வாய்க்கால் தூர்வாரச் சொல்லும் ஓலைக்கும் அதே கதைதான். ஊரில் ஒருவரும் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. எழுதிய கொழுந்துப் புலவரே வாசிக்கும்போது பாதியில் கண்ணயர்ந்துவிடுவார்.

ஒருமுறை மணிவாகத் தீவோடு நட்பு வேண்டும் என்று மன்னனுக்கு ஆசை வந்தது. உங்கள் சந்தனம் எங்களுக்கு, எங்கள் மிளகு உங்களுக்கு, நண்பர்களாக இருப்போம் என்று மூன்றே வரி. முன்னால் வழக்கம்போல நாற்பது வரி. மாலுமித் தலைவன் சடையன் முப்பத்தொரு பேரோடு கப்பலில் ஓலையைக் கொண்டுபோனான்.

அந்தத் தீவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பாவம், வேலையில் சுத்தமானவர். ஓர் எழுத்து விடாமல் மொழிபெயர்த்து, கணீரென்று சபையில் வாசித்துவிட்டார். அந்த மெய்க்கீர்த்தியை முழுசாகப் படித்த முதல் மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் கப்பல் வரவில்லை. தீவின் தூதர்தான் வந்தார். சுருளை விரித்து, கற்றுக்கொண்ட தமிழில் கறாராக வாசித்தார். எங்கள் மன்னரின் முடியை நீ எப்போது மிதித்தாய்? அந்த வரியை அழித்து ஓலை அனுப்பு. மூன்று நாளில் அது கைக்கு வராவிட்டால் எங்கள் தூதர் கிளம்பிவிடுவார். இங்கே பிடித்து வைத்திருக்கும் உன் மாலுமிகள் முப்பத்திரண்டு பேரும் ஆயுள் முழுக்கக் கல் உடைப்பார்கள். இதுதான் செய்தி.

மன்னனுக்கு வியர்த்துவிட்டது. போர் தொடுக்கலாம் என்றால் இருந்த மூன்று கப்பலில் ஒன்று அங்கே மாட்டிக்கொண்டது, ஒன்றில் ஓட்டை. வரியை அழிக்கலாம் என்றால் கொழுந்துப் புலவர் குறுக்கே நின்றார். அந்த ஒரு வரி மட்டும் மன்னனின் தாத்தா மெய்க்கீர்த்தியிலிருந்து எடுத்தது, எல்லாக் கோயில் சுவரிலும் வெட்டியாயிற்று, அதை அழிப்பதும் தாத்தாவை அழிப்பதும் ஒன்று என்றார். மன்னனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. விகடம் பேசும் ஆவுடையானைக் கூப்பிட்டான்.

"ஓர் எழுத்து குறையக் கூடாது. ஆட்களும் திரும்பி வர வேண்டும். முடியாவிட்டால் இந்தச் சபைப் பக்கமே வராதே" என்றான்.

ஆவுடையான் வீட்டுக்குப் போனால் வாசலில் தங்கை உலகம்மை நின்றாள். சடையனின் மனைவி அவள்தான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று முகமே சொன்னது.

"அண்ணே, சபையில எல்லாரையும் சிரிக்க வைக்கிறியே. என் வீட்டுக்காரரை வரவச்சிட்டு அப்புறம் சிரிங்க" என்றாள்.

அன்றைக்கு ஆவுடையானுக்கும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சபை கூடியது. ஆவுடையான் தூதரை வணங்கி, சுருளை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னான். தூதர் ஒரு முழம் விரித்துவிட்டு, செய்தியிலிருந்து தொடங்கினார்.

"ஐயா, மேலே ஒரு முழம் இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள்" என்றான் ஆவுடையான்.

தூதர் இருமினார். அது வெறும் சம்பிரதாயம் என்றார். இவன் விடவில்லை. கடைசியில் அவர் மெல்லிய குரலில் வாசித்தார்: சூரியன் பார்க்கும் மண்ணை எல்லாம் தன் தோட்டமாக உடையவரும், அக்கரை அரசர்களை எல்லாம் தன் யானைக்குத் தண்ணீர் காட்ட வைத்திருப்பவருமான எங்கள் மன்னர்.

"யானைக்குத் தண்ணீரா?" என்றான் இளஞ்சிங்கன். கை வாளுக்குப் போய்விட்டது.

தூதர் பதறிப்போனார். "அரசே, எங்கள் ஊரில் அதை யாரும் கேட்பதே இல்லை. அந்த நேரத்தில்தான் வெற்றிலை மடிப்போம்."

"நாங்கள் கொட்டாவி விடுவோம்" என்றான் ஆவுடையான். பிறகு மன்னன் பக்கம் திரும்பினான். "அரசே, போர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் மேல் என்றுதான் கேட்கிறேன். நம் மெய்க்கீர்த்திப்படி அந்தத் தீவு உங்களுடையது. அவர்கள் சுருள்படி இந்த நாடு அவர்கள் மன்னருடையது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஜெயித்து வெகுகாலம் ஆகிறது. பிடிக்க இனி ஓர் அடி மண் பாக்கி இல்லை."

ஆவுடையான் ஓலையை எடுத்து, சொல்லச் சொல்ல எழுத வைத்தான். முதலில் நாற்பது வரி, ஓர் எழுத்து குறையாமல். அடுத்து தீவுக்காரர்களின் ஒரு முழம், அதுவும் முழுசாக. கீழே செய்தி: உங்கள் நாட்டை நான் இங்கே நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறேன். நீங்களோ உங்கள் சொந்தக் குடிகள் முப்பத்திரண்டு பேரைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறீர்கள். இது நியாயமா?

முதலில் சிரித்தவர் தூதர்தான். பிறகு மன்னன் சிரித்தான், சிரித்துக்கொண்டே கழுத்து மாலையைக் கழற்றி ஆவுடையானுக்குப் போட்டான். கொழுந்துப் புலவர் மட்டும் தன் வரிகளை ஒருவன் கடைசிவரை சொல்லக் கேட்ட மகிழ்ச்சியில் கண் கலங்கினார்.

இருபதாம் நாள் கப்பல் வந்தது. நிறைய சந்தனம், முப்பத்திரண்டு ஆட்கள், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. உலகம்மை கரையிலேயே சடையனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சடையன் மடியிலிருந்து தீவு மன்னரின் பதிலை எடுத்து மன்னனிடம் கொடுத்தான். அதில் முன்னால் எந்தப் புகழ்ச்சியும் இல்லை.

"என் குடிகளை அனுப்பியிருக்கிறேன். அந்த நாட்டைப் பார்க்க எனக்கு இப்போது நேரமில்லை. என் சார்பில் நீயே ஆண்டுகொண்டிரு."