வேப்பிலை பூசிய நாவல் மரம்

ஒரு குளத்தங்கரையில் வரிச்சி என்ற அணில் வாழ்ந்துவந்தாள். குளத்துக்கு அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் புல்வெளி. புல்வெளியில் மூன்று இளமரங்கள் நின்றன. ஒன்று இலுப்பை, ஒன்று நெல்லி, ஒன்று நாவல்.

மூன்றும் வரிச்சி வைத்த மரங்கள். உண்மையைச் சொன்னால், பிறகு தின்னலாம் என்று கொட்டைகளைப் புதைத்தாள். புதைத்த இடத்தை மறந்துபோனாள். அவை முளைத்து நிழல் தந்தபோது, "இது என் தோட்டமாக்கும்!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

நாவல் மரத்தின் கிளைக்கவட்டில் அவள் கூடு இருந்தது. கூட்டில் மூன்று குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் மரம் கிடுகிடுவென்று ஆடியது. வரிச்சி குட்டிகளின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். கீழே, "கரக்! கரக்!" என்று சத்தம். எட்டிப் பார்த்தாள். கொம்பன் என்ற புள்ளிமான் தலையைத் தாழ்த்தி, கொம்பால் மரத்தை உரசு உரசு என்று உரசிக்கொண்டிருந்தான்.

"அடேய் கொம்பா! போடா! போ!" என்று கத்தினாள்.

அணில் கத்துவது புல்வெளியில் புதிதா? அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உரசி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, காட்டுக்குள் போனான்.

வரிச்சி இறங்கி வந்தாள். அடிமரத்தில் பட்டை கிழிந்து நாராகத் தொங்கியது. உள்ளே வெள்ளை மரம் ஈரமாகத் தெரிந்தது. அவள் குட்டி போட்டுக் கூட்டை விட்டு இறங்காமல் கிடந்த நாட்களில் இலுப்பையிலும் நெல்லியிலும் இதே சத்தம்தான் கேட்டது. இப்போது அந்த இரண்டும் இலை உதிர்ந்து குச்சியாக நின்றன.

அவள் மரங்கொத்தியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்களேன்!"

மரங்கொத்தி வந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறி, அங்கங்கே தட்டிப் பார்த்தது.

"இந்தப் பட்டை வழியாத்தான் மரத்தோட வேருக்குச் சாப்பாடு இறங்குது. சுத்திலும் உரிஞ்சா மரம் பட்டினியில செத்துப்போகும். அந்த ரெண்டும் அப்படித்தான் போச்சு. இதுல இன்னும் என் அலகால அளந்தா அஞ்சு அலகு அகலத்துக்குப் பட்டை ஒட்டிட்டிருக்கு."

"அஞ்சு அலகு போதுமா அண்ணே?"

"ஒரு அலகு இருந்தாக்கூடப் பிழைச்சுக்கும். அதுவும் போச்சுன்னா நீ வேற மரம் பார்க்க வேண்டியதுதான்."

வேறு மரம் என்றால், குட்டிகளைத் தூக்கிப் போகும் தூரத்தில் கூடு கட்டத் தோதானது கரையோரத்து ஆலமரம்தான். அதன் பொந்தில் ஒரு சாரைப்பாம்பு குடியிருந்தது. போன வருஷம் அந்த மரத்தில் கூடு கட்டிய கிளி, கடைசியில் குஞ்சில்லாமல் தனியாகப் பறந்துபோனதை வரிச்சி பார்த்திருக்கிறாள். அவள் கூட்டுக்கு ஏறிப்போய்க் குட்டிகளை எண்ணிப் பார்த்தாள். மூன்றும் இருந்தன. சற்றுப் பொறுத்து மறுபடியும் எண்ணினாள்.

மைனா ஒருத்தி அங்கே வந்தாள். தினமும் ஊர்ப்பக்கம் போய் வருகிறவள். அவளுக்குத் தெரியாத விஷயம் கிடையாது, அல்லது அப்படி அவள் நினைத்திருந்தாள்.

"இதுக்கா அக்கா இப்படி நடுங்குறே? ஊர்ல தோட்டக்காரங்க செடியை மான் தின்னாம இருக்க என்ன செய்யறாங்க? சுத்தி முள்ளு கட்டுறாங்க! நாமும் கட்டுவோம், வா!"

அன்று முழுவதும் வரிச்சி இலந்தை முள்ளை இழுத்து வந்தாள். மைனா ஒன்று கொண்டு வந்தால் அவள் ஒன்பது கொண்டு வந்தாள். கால் கிழிந்து ரத்தம் வந்தது. பொழுது சாய்வதற்குள் அடிமரத்தைச் சுற்றி முள் நெருக்கமாக நின்றது.

"இனிமேல் வாயை வைப்பானா அவன்?" என்றாள் மைனா.

விடிந்தது. கொம்பன் வந்தான். முள்ளைப் பார்த்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசித்தான். பிறகு கொம்பை முள்ளுக்குள் விட்டு ஒரு இழு இழுத்தான்.

"ஆகா! ஆகா! யாரோ ஒரு மகராசி எனக்குன்னு சீப்பு கட்டி வச்சிருக்கா!"

இடமும் வலமுமாக உரசினான். முள்ளோடு பட்டையும் வந்தது.

"பார்த்தியா, நம்மளைக் கேலி பண்ணிட்டுப் போறான்!" என்றாள் மைனா. வரிச்சியும் அப்படித்தான் நினைத்தாள்.

மரங்கொத்தி வந்து அளந்தது. "மூணு அலகு," என்றது.

"கசப்புதான் சரி!" என்றாள் மைனா. "வேப்பிலையை அரைச்சுத் தெளிச்ச செடியில மான் வாயே வைக்காது. நானே பார்த்திருக்கேன்."

வரிச்சி ஊர்வழியில் நின்ற வேப்பமரத்தில் கொழுந்தைப் பறித்து மென்றாள். மென்று மென்று மரத்தில் பூசினாள். நாக்கு மரத்துப்போனது. பால் கொடுக்கப் போய்க் குட்டிகளை நக்கிக் கொடுத்தபோது, அவள் வாயின் கசப்பு தாங்காமல் மூன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீச்சிட்டன. "இன்னைக்கு ஒருநாள் பொறுத்துக்கோங்கடா," என்று சொல்லிவிட்டு மறுபடியும் வேப்பமரத்துக்கு ஓடினாள்.

மறுநாள் கொம்பன் வந்தான். மூக்கை வைத்து மோந்தான். வரிச்சி கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, முதலில் இடது கொம்பைத் தேய்த்தான். பிறகு வலது கொம்பைத் தேய்த்தான்.

"அப்பாடா! குளுகுளுன்னு இருக்கே!"

முன்னைவிட அதிக நேரம் நின்று தேய்த்தான்.

மரங்கொத்தி அளந்தது. "ஒன்றரை அலகு," என்றது. மறுபடியும் அலகை வைத்துப் பார்த்து, "ஒன்றரைகூட இருக்காது," என்றது.

மைனாவைக் காணவில்லை. ஊர்ப்பக்கம் அவளுக்கு அவசர வேலை வந்துவிட்டதாம்.

அடுத்த நாள் காலையில் ஒன்றுக்கு இரண்டு மான்கள் வருவதை வரிச்சி பார்த்தாள். கொம்பன் முன்னால் வந்தான். அவன் பின்னால் அவனைவிடப் பெரிய கொம்போடு இன்னொருவன் வந்தான்.

"வா மாப்பிள்ளே, வா! நான் சொன்ன வைத்திய மரம் இதுதான். ஒரு தேய் தேய்ச்சுப் பாரு, அப்புறம் சொல்லு!"

பயத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அவள் தலைகீழாக மரத்தில் இறங்கி, மிச்சமிருந்த அந்த ஒன்றரை அலகுப் பட்டையின் மேல் நாலு காலையும் விரித்து ஒட்டிக்கொண்டாள்.

"உரசு! என்னையும் சேர்த்து உரசிட்டுப் போ!"

கொம்பன் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். "அணிலம்மா! தள்ளிக்கோ, கொம்பு குத்திடும்!"

"மேலே என் மூணு குட்டிங்க இருக்கு. கண்ணுகூடத் திறக்கலே. இந்தப் பட்டையும் போனா மரம் செத்துடும். அப்புறம் நான் அதுங்களைப் பாம்பு வாயிலதான் கொண்டுபோய் வைக்கணும். நீ இலை தின்னணும்னா காடு பூராத் தின்னேன்! என் மரத்தை ஏன் தின்னறே?"

"தின்னறேனா?" என்றான் கொம்பன். "நாவல் இலையை நான் எப்போம்மா தின்னேன்? ஒரு இலை குறைஞ்சிருக்கா, பாரு!"

வரிச்சி அண்ணாந்து பார்த்தாள். ஒரு இலையும் குறையவில்லை. இத்தனை நாளில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"அப்புறம் எதுக்குடா வந்தே?"

கொம்பன் தலையைத் தாழ்த்திக் காட்டினான். அவள் அவன் தலையைக் கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. புதுக் கொம்பின் மேல் மயிரடர்ந்த தோல் கிழிந்து, ரத்தமும் ஈயுமாகத் தொங்கியது.

"வருஷா வருஷம் கொம்பு முத்தினா இந்தத் தோல் உரியும். என்னா அரிப்பு! படுக்க முடியலே, மேய முடியலே. பெரிய மரத்துல தேய்ச்சா அது அசையாது, மண்டை வலிக்குது. வளைஞ்சு கொடுக்கிற சின்ன மரமாத் தேடி வந்தேன். நீ வேற சீப்பு கட்டினே, மருந்து பூசினே. என்னை வரச் சொல்றேன்னுல்ல நினைச்சேன்!"

பெரிய மான் சிரித்துவிட்டது. வரிச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பட்டையை விட்டு நகரவும் இல்லை.

"கூடு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான் கொம்பன்.

"கத்தினேனே! நீ ஒருதரம் நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா?"

கொம்பன் காதைத் தொங்கவிட்டான்.

வரிச்சி புல்வெளியைப் பார்த்தாள். செத்துப்போன நெல்லியும் இலுப்பையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. வேர் இன்னும் பிடிப்பாக இருந்தது. தண்டு இன்னும் வளைந்து கொடுத்தது.

"அந்த ரெண்டையும் ஏன் விட்டுட்டே?"

"பட்டை போனதும் வழுவழுன்னு ஆயிடுச்சு. சொறிய மாட்டேங்குது."

"முள்ளும் வேப்பிலையும் இருந்தா?"

கொம்பன் காதை நிமிர்த்தினான். "அப்படின்னா நாவல் மரத்தை நான் தொடவே மாட்டேம்மா!" என்றான்.

அன்று வரிச்சி நாவல் மரத்தில் மிச்சமிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிரித்து நெல்லியில் கட்டினாள். எட்டாத இடத்தில் பெரிய மான் வாயால் பிடித்துக் கொடுத்தான். கொம்பன் வேப்பங்கிளையை வளைத்துத் தர, அவள் கொழுந்தை மென்று இலுப்பையில் பூசினாள். நாவல் மரத்தில் இருந்த கசப்பைக் குளத்துச் சேறு கொண்டு மூடினாள்.

இருந்தாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வாக்குக் கொடுப்பது பகலில் சுலபம். அரிப்பு விடியற்காலையில் வரும்.

விடியற்காலையில் அவன் வந்தான். பழகிய கால்கள் அவனை நேராக நாவல் மரத்துக்கே கொண்டுவந்தன. தலை தாழ்ந்தது. வரிச்சி குட்டிகளை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

மரம் ஆடவில்லை.

கண்ணைத் திறந்தாள். கொம்பன் நிமிர்ந்து கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி, நெல்லியை நோக்கி நடந்தான். "கரக்! கரக்!" சத்தம் தூரத்தில் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை குட்டிகள் பால் குடித்தன.

மழை வந்தது. மரங்கொத்தி வந்து அளந்தது. நாவல் மரத்தில் பட்டையின் ஓரம் இரண்டு பக்கமும் உதடு போலத் தடித்து வளரத் தொடங்கியிருந்தது.

"ரெண்டு அலகு," என்றது.

விரட்ட வழி தேடுவதற்கு முன்னால், வருகிறவன் எதற்காக வருகிறான் என்று அவனிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.